மைமூன் அக்காவின் கூடைகள்

அக்டோபர் 3, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துவைத்த துணி கொடியிலேயே நாறுகிறது. சாக்கு நனைந்துவிடும் என்று, விடியுமுன் நோன்புக்கான சஹர் சோறு சாப்பிட்ட கையோடு என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார். பழைய சாக்கு வியாபாரிக்கு மேகத்தைக் கண்டால் ஆகாது.

வேலை: பள்ளிவாசலுக்குக் கஞ்சித் தூக்கு அனுப்ப. கரண்ட் பில். அக்கா மாத்திரை (மஞ்சள் இருக்கிறது, வெள்ளை தீர்ந்தது). நசீமாவுக்குப் போன், நாளைக்கு.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போனால், மைமூன் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து, சஹரில் மிஞ்சிய சோற்றில் தயிர் ஊற்றித் தின்றுகொண்டிருக்கிறாள். பாதித் தட்டு காலி.

"நீ சாப்பிட்டியா ஷரீபா?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"நோன்புல்ல அக்கா?"

கை அப்படியே நின்றது. வாயில் இருந்ததை முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்புறம் முற்றத்தில் போய் வாயைக் கொப்பளித்தாள், கொப்பளித்தாள், கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அழுகை சத்தமில்லாமல் வந்தது. சின்ன வயசிலிருந்து நோன்பை விட்டவள் இல்லை. நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த முதல் ரமலானில் பசி தாங்காமல் நான் சுருண்டு கிடந்தபோது, என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தவள் இவள்தான்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் அண்ணன் கண்ணை மூடி மவுத்தான நாளிலிருந்து, அண்ணன் மனைவியான அக்கா முன்னால் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. இன்றைக்குப் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மதினி, மறந்து தின்னா நோன்பு முறியாது. அது அல்லா ஊட்டுன சோறு."

"நெசமாவா தம்பி?"

"வேணும்னா பள்ளிவாச ஹஜ்ரத்தக் கேட்டுட்டு வாரேன்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இனிமே எனக்குத் தெனமும் அல்லா ஊட்டுவான்" என்றாள்.

சிரித்தாளா, தெரியவில்லை. மறக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது.

அக்டோபர் 4, புதன்

வெயில். துணி காய்ந்தது.

நசீமாவிடம் பேசினேன். அக்காவின் ஒரே மகள். சென்னையில் இருக்கிறாள், அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். பெருநாள் முடிந்ததும் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகிறாளாம்.

"மூணாவது மாடிதான் சாச்சி, லிஃப்ட் இருக்கு. நாங்க வர்ற வரைக்கும் கதவப் பூட்டிட்டுப் போனா எங்கயும் போக மாட்டாங்க."

பூட்டிவிட்டு. சாதாரணமாகத்தான் சொன்னாள். சரி, கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட ஒரு மனசு துடித்தது. அதையும் எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் இதை யார் படிக்கப் போகிறார்கள்?

மதுரை டாக்டர் போன மாதம் சொன்னது: மறதி இனிமேல் கூடத்தான் செய்யும், குறையாது. கைக்கு வேலை கொடுங்கள். அதற்காகப் பஜாரில் கூடை போடுகிற பிளாஸ்டிக் ஒயர் வாங்கினேன். மெரூன், சந்தனக் கலர், கொஞ்சம் பச்சை. பச்சை இல்லாமல் அக்கா கூடை போட மாட்டாள். எந்தக் கலரில் போட்டாலும் விளிம்பில் ஒரு வரி பச்சை வரும். கொஞ்சமும் பொருந்தாது. கண்ணேறு அதில் போய் முட்டட்டும் என்பாள்.

கை மறக்கவில்லை. ஒயரை மடிக்கிறாள், நுழைக்கிறாள், இழுக்கிறாள். முடிச்சு ஒவ்வொன்றும் நெல்லிக்காய் போல உருண்டு உட்காருகிறது. சாயங்காலம் அஸர் தொழுகை வரை தலை நிமிரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். வீடு ரொம்ப நாளைக்குப் பிறகு அமைதியாக இருந்தது.

ஆனால் கூடையின் அடிப்பாகம் முடிந்த பிறகும் திருப்பவில்லை. அடி முடிந்ததும் நாலு பக்கமும் ஒயரை மேலே ஏற்ற வேண்டும். அப்போதுதான் சுவர் எழும்பும். அக்கா புது ஒயரைச் சேர்த்துச் சேர்த்து அடியையே போட்டுக்கொண்டு போகிறாள். பாய் மாதிரி நீள்கிறது.

"அக்கா, திருப்பணும்ல?"

"இன்னுங் கொஞ்சம் போகட்டும்."

கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "எங்கன திருப்பணும் ஷரீபா?"

எனக்குத் தெரியாது. எனக்கு எந்தக் காலத்தில் கூடை போடத் தெரியும்?

அக்டோபர் 7, சனி

நேற்று எழுத முடியவில்லை. அக்கா காணாமல் போய்விட்டாள். கிடைத்துவிட்டாள், உள்ளே தூங்குகிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றது.

ஆண்கள் ஜும்மாத் தொழுகைக்குப் போனதும் அக்காவைக் கூடத்தில் ஒயரோடு உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலேயே சாய்ந்தேன். சஹருக்கு எழுந்த அலுப்பு. கண்ணை மூடியதுதான் தெரியும். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்வது கேட்டு எழுந்தால் அக்கா இல்லை. வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. படியில் அவள் செருப்பு ஒன்று மட்டும். மற்றதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். எப்போதும் கையில் தூக்கித் திரியும் நீலக் கூடையும் இல்லை.

தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். "இங்கிட்டு வரலியே" என்றார்கள். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பஜாரில் ஓடினேன். நான் கடை வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"கதவத் தாப்பா போடலியா?"

அது ஒன்றுதான் கேட்டார். பிறகு இந்த நிமிஷம் வரை கேட்கவில்லை. அந்த ஒன்றே போதும்.

திருத்தங்கலிலிருந்து அவர் தம்பி காதர் வந்தார், இரண்டு மகன்களோடு. காதர் பட்டறையில் காலண்டருக்குத் தகடு அடிக்கிற சீசன், லோடு அனுப்ப வேண்டிய நாள். மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். சாத்தூரிலிருந்து என் தம்பி வந்தான். அவருடைய மாமன் மக்கள், அவர்கள் மாப்பிள்ளைகள், ஒரு கல்யாணத்தில் பேச்சு நின்றுபோன ஆட்கள் கூட வந்தார்கள். பெருநாளைக்கு இவர்கள் எல்லாரும் வந்து இறங்கினால், ஒரு படைக்குச் சமைக்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுப்பேன். அந்தப் படைதான். ஆளுக்கொரு ரோடு. மதுரை ரோட்டுக்கு ஒருவன், சாத்தூர் ரோட்டுக்கு ஒருவன், ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி. காதரின் சின்ன மகன் திரும்பி வந்தபோது பேண்ட் முழங்கால் வரை ஈரம். தெப்பக்குளத்தில் இறங்கிப் பார்த்திருக்கிறான். யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை.

நோன்பு திறக்க எல்லாரும் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். கஞ்சி தூக்கிலேயே ஆடை கட்டிக் கிடந்தது.

அப்புறம் காதர் செல்லில் ஜமீலா. காதரின் மனைவி. "வீட்ல போன் பக்கத்துல ஒரு ஆள் வேணும்" என்று அவளை மட்டும் திருத்தங்கலில் விட்டுவிட்டு வந்திருந்தார். போனில் அவள் போட்ட சத்தம் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"பெரியக்கா ஆமத்தூர்ல இருக்காக! நம்ம பேச்சியம்மா வீட்ல!"

ஒரு லோடு ஆட்டோவில் ஏறிப் போனோம். பின்னால் நின்றபடி நான், அவர், காதர். பட்டாசுக் கம்பெனி வேன்கள் வேலையாட்களை இறக்கிவிட்டு எதிரே காலியாக வந்துகொண்டிருந்தன.

பேச்சியம்மாள் முன்னால் காதரிடம் காலண்டர் வேலை பார்த்தவள். இப்போது பட்டாசுக்குப் போகிறாள். விரல் நுனியெல்லாம் வெள்ளி பூசினது போல மருந்து. அவள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள், ஒரு காலில் செருப்போடு.

"வேன விட்டு எறங்குறேன்," என்றாள் பேச்சியம்மாள், "பஸ் ஸ்டாப்புல இவுக ஒக்காந்திருக்காக. யாரு, என்ன, ஒண்ணும் சொல்லத் தெரியல. மொகம் எனக்குத் தெரியாது. ஆனா கூடையப் பாத்தேன். ஓரத்துல பச்சை. ஜமீலாக்கா எனக்குக் குடுத்த கூடையிலயும் இதே பச்சைதான. ரெண்டும் ஒரே கையில்லன்னு எவஞ் சொல்லுவான்? அதான் ஓடிப் போயி அவுகளுக்குப் போனப் போட்டேன்."

"தண்ணி குடிச்சாகளா?" என்றார் அவர்.

"எங்க குடிச்சாக! நோன்புன்னுட்டாக. எப்பம்மா குடிப்பீகன்னு கேட்டேன். பாங்கு சொல்லணும்னாக. எங்க தெருவுல பாங்கு கேக்காதே. பெறகு விளக்கு ஏத்திட்டு, நேரமாச்சு குடிங்கன்னு சொன்னேன். எம் மொகத்தையே பாத்தாக. நம்பித்தான் குடிச்சாக."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதர் பேச்சியம்மாளைக் கும்பிட்டார். நான் அவள் கையைப் பிடித்தேன். என் உள்ளங்கையிலும் அந்த வெள்ளி ஒட்டிக்கொண்டது.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது: "ஏன் இம்புட்டு நேரம்? கஞ்சி ஆறிருக்கும்."

திருத்தங்கல் போகத்தான் கிளம்பியிருப்பாள் என்கிறார் காதர். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் வழியில் இறக்கிவிட்டிருப்பார்கள். கூடைக்குள் தஸ்பீஹ் மணிமாலை, நாலு வெங்காயம், ஒயர்த் துண்டுகள்.

அக்டோபர் 8, ஞாயிறு

காதர் வருஷா வருஷம் தரும் டைரி. இதில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் ஒன்றும் நடக்காது என்று நினைப்பு போலிருக்கிறது.

காலை ரயிலில் நசீமா வந்துவிட்டாள். பையைக் கீழே வைக்கவில்லை, அம்மாவைப் போய்க் கட்டிக்கொண்டாள். அக்கா மரியாதையாக எழுந்து நின்றாள். "வாங்க. யாரத் தேடி வந்தீக? ஒக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

நசீமா என்னைப் பார்த்தாள். போனில் நான் சொல்லியிருக்கிறேன். சொன்னது வேறு, பார்ப்பது வேறு.

மத்தியானம் பேச்சு. அவர், காதர், ஜமீலா, நசீமா, நான். எடுத்ததுமே நசீமா, "நீங்க தூங்கிட்டீங்க சாச்சி" என்றாள்.

"ஏய், என்ன பேச்சு பேசுற?" காதர் எழுந்துவிட்டார். "ஒங்கம்மாவக் குளிப்பாட்டி விடுறது யாரு?"

ஆளாளுக்குப் பேசினார்கள். சென்னையா இங்கேயா. ஆளுக்கு ஒரு மாசமா. சம்பளத்துக்கு ஆள் போடலாமா. "ஷரீபா பாத்துக்குவா" என்றார் அவர். "அவளுக்கு ஒண்ணும் சிரமம் இல்ல."

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நான் பேசிவிட்டேன். "எனக்குச் சிரமம் இருக்கு. எனக்கு அம்பத்தஞ்சு ஆகுது. முட்டி வலிக்குது. பாத்ரூம் போனாக் கூடக் கதவத் தெறந்து வச்சுக்கிட்டு ஒக்காருறேன். என்னைய யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அவர் தரையைப் பார்த்தார். கொழுந்தன் முன்னால் பாத்ரூம் என்றெல்லாம் சொல்லிவிட்டேனே என்று பிறகு காது சுட்டது.

ஜமீலாதான், "என்ன வேணும் ஷரீபாக்கா? சொல்லுங்க" என்றாள்.

என்ன வேண்டும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "மத்தியானத் தூக்கம். வாரத்துல ரெண்டு நாளாச்சும்."

"இம்புட்டுத்தானா! செவ்வா, வெள்ளி நான் வாரேன். பஸ்ஸுல ஏறுனா எம்புட்டு நேரமாகப் போகுது?"

நசீமா சம்மதிக்கவில்லை. பெருநாள் வரை லீவு போட்டிருக்கிறாள். முடிந்ததும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்கிறாள். பக்கம் தீர்ந்தது, ஓரத்தில் எழுதுகிறேன்.

அக்டோபர் 12, வியாழன்

புழுக்கம். தேர்தல் ஆட்டோக்கள் தெருவைக் கிழிக்கின்றன. உப்பு வாங்க. வெள்ளை மாத்திரை வாங்கியாயிற்று.

நான் டெய்லர் கடைக்குப் போயிருந்த நேரம். நசீமா உள்பக்கம் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போதே தெருமுனையில் கேட்டது, கதவை உள்ளேயிருந்து தட்டும் சத்தம். உள்ளங்கையால், ஒரே சீராக. "தெறங்க. எங்க வீட்டுக்குப் போகணும். யாராச்சும் தெறங்களேன்."

எத்தனை நேரமாகத் தட்டினாளோ. நசீமா ஈரத் தலையோடு ஓடி வந்து திறந்தாள். அக்கா வெளியே போகவில்லை. திறந்த கதவைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். உள்ளங்கை சிவந்து போயிருந்தது. நசீமா அதில் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

அதற்குப் பிறகு அவள் சென்னைப் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

ஜமீலா வந்தாள், சொன்னபடி. தூங்கினேன். கனவு கூட வரவில்லை. எழுந்தபோது அடுப்படியில் வடைக்குப் பருப்பு அரைபட்டுக்கொண்டிருந்தது. நான் அரைக்கவில்லை என்பதே ஒரு சுகம்.

ஜமீலா கொண்டு வந்த சேதி: பேச்சியம்மாள் கூடையின் கைப்பிடி விட்டுப் போச்சாம். பெரியக்காவிடம் கொடுத்துச் சரிபண்ணித் தர முடியுமா என்று கேட்டாளாம். கூடையையும் கையோடு கொண்டு வந்திருக்கிறாள்.

அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும், விளிம்பில் அந்தப் பச்சை. அக்கா நன்றாக இருந்த காலத்துக் கூடை. தினமும் சோற்றுத் தூக்கைச் சுமந்து வேனில் நசுங்கியும் ஒரு முடிச்சு தளரவில்லை. மூலை நாலும் ஒரே அளவு. எங்கள் வீட்டில் இப்படி எத்தனையோ தொங்குகின்றன. வெங்காயத்துக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, துணிக் கிளிப்புக்கு ஒன்று. நசீமா சொன்னாள், "காலேஜ் போறப்ப இத எடுத்துட்டுப் போகச் சொன்னா அழுவேன் சாச்சி. பிளாஸ்டிக் கவர்ல புஸ்தகத்தக் கொண்டு போவேன்." சொல்லிவிட்டு விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அக்காவிடம் கொடுத்தோம். மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 14, சனி

தப்பு நடந்துவிட்டது. காலையில் பார்த்தால் பேச்சியம்மாள் கூடை இல்லை. அக்கா அதை முழுக்கப் பிரித்து, சிவப்பு வெள்ளை ஒயர் எல்லாவற்றையும் தன் நீளப் பாயோடு கோத்துவிட்டாள். மெரூன், சந்தனம், திடீரென்று சிவப்பு.

"நல்ல ஒயரு, வீணாக் கெடந்துச்சு" என்றாள் சந்தோஷமாக.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவளைக் காப்பாற்றிக் கொடுத்தவளின் பொருள். காசு கொடுத்து ஒரு பையை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் அவர். நசீமா, "வேணாம் சாச்சா, நாமளே போடுவோம்" என்றாள். யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது.

அக்டோபர் 17, செவ்வாய்

நாலு நாளாக இதுதான் வேலை. வெங்காயக் கூடையைக் காலி பண்ணி, ஒரு மூலையிலிருந்து முடிச்சு முடிச்சாகப் பிரித்தோம். எது எதற்குள் போகிறது என்று பார்க்க. நசீமா பிரிப்பாள், நான் பார்ப்பேன், ஜமீலா வந்த இன்றைக்கு அவள் போட்டுப் பார்த்தாள். முதல் இரண்டும் உருப்படவில்லை. ஒயர் இழுத்து என் ஆட்காட்டி விரலில் பிளவு. எலுமிச்சம்பழம் பிழிந்தால் உயிர் போகிறது.

அடியைத் திருப்புகிற இடம் பிடிபட்டது. ஓரத்து ஒயரைப் பாதி முடிச்சில் நிறுத்தி, கூடையை நம் பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிவதில்லை, கைக்குத்தான் தெரிகிறது. இத்தனை வருஷமாக அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, பால் பொங்குகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறாள்.

மூன்று பேரும் ஒயரோடு மல்லுக்கட்டுவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். ஜமீலாவிடம் குனிந்து, "யாருக்கு இது? கல்யாணத்துக்கா?" என்றாள்.

"பேச்சியம்மாவுக்குப் பெரியக்கா."

"இறுக்கிப் போடுங்க. சோறு கொண்டு போறவுக."

எங்கள் மூன்று பேருக்கும் கை நின்றுவிட்டது. பேச்சியம்மாள் சோறு கொண்டு போகிறவள் என்பது அவளுக்கு எப்படி நினைவிருந்தது? மறுபடி கேட்டால், "யாரு பேச்சியம்மா?" என்கிறாள்.

அக்டோபர் 20, வெள்ளி

நாளைக்குத் தீபாவளி. பட்டாசு வாங்க வந்த வண்டிகளால் சிவகாசி ரோடு நகரவில்லை. ஆமத்தூருக்கு நானும் நசீமாவும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஒரு சேலை, பழம், எங்கள் கூடை.

கம்பெனி லீவு விட்டாயிற்று. பேச்சியம்மாள் தலைக்குக் குளித்து, கை சுத்தமாக இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அக்கா பிரித்துவிட்டாள் என்றதும் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. மறைக்கவில்லை. அவளுக்கும் அந்தக் கூடை பிடித்த கூடைதான்.

புதுசைத் தரையில் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்தது.

"இது அவுக போட்டதில்லியே."

"இல்ல. நாங்க மூணு பேரும் சேந்து போட்டோம்."

"மூணு பேரு சேந்தா இப்படி?" என்று சிரித்துவிட்டாள். நசீமாவும் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பேச்சியம்மாள் விளிம்பைத் திருப்பிப் பார்த்து, "பச்ச போட்டுட்டீக" என்றாள். தூக்குச்சட்டியை உள்ளே வைத்துத் தூக்கிப் பார்த்தாள். "வெயிட்டு வச்சா நேரா நிக்குது. போதும்."

வரும்போதும் நின்றுகொண்டேதான், நசீமா ஜன்னல் பக்கம். "சாச்சி, அம்மாவ அங்க கொண்டு போனா யாருக்கு அவங்களத் தெரியும்?" என்று கேட்டாள். பதில் வேண்டிக் கேட்கவில்லை. பஸ்ஸில் கூட்டம், இரைச்சல். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், கம்பி எட்டவில்லை என்பதும் ஒரு காரணம்.

அக்டோபர் 21, சனி

விடியற்காலையிலிருந்து வெடி. அக்கா காதைப் பொத்திக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிவிட்டாள். வெளியே வரவில்லை. அவர் கடைக்குப் போகாமல் அந்தச் சந்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்ன வயசில் அண்ணன் தன்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போய் பெற்ற அத்தாவிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னார். திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் அக்கா, "அவுக எங்க, இன்னும் கடையிலயா இருக்காக?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர், "வந்துருவாக மதினி" என்றார்.

எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. மாடிக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 25, புதன்

பெருநாள். ஒரே ஈரக்காற்று.

வந்தவர்கள்: எல்லாரும். எண்ணவில்லை. பேச்சு நின்றுபோயிருந்த அந்த வீட்டாரும் வட்டிலப்ப இனிப்போடு வந்தார்கள். பிரியாணி பத்தாமல் போய், ரசம் வைத்துச் சமாளித்தோம். ஜமீலா முதல் நாளே வந்து தங்கிவிட்டாள், அதனால் பிழைத்தேன். முட்டி வீங்கியிருக்கிறது. சலிப்பும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொருத்தர் முகத்திலும் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் பார்த்தேன். இவன் ஸ்டேஷன். இவர் மதுரை ரோடு. இவன் தெப்பக்குளம்.

அக்காவுக்குப் புதுச் சேலை. நடுக்கூடத்தில் உட்கார்த்தி வைத்தோம். ஒவ்வொருவரும் போய் சலாம் சொல்லி, பேரைச் சொல்லி, யார் மகன் யார் மகள் என்றும் சொன்னார்கள். அவள் கேட்கிறவரை காத்திருக்கவில்லை, தாங்களாகவே. யார் சொல்லிக் கொடுத்ததோ. அவர் மாமன் மகன் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லிவிட்டு, "மதினி, அஞ்சாவது தடவ சொன்னா காசு குடுக்கணும்" என்றார். அக்கா இடுப்பில் சுருக்குப் பையைத் தேடினாள். ஒரே சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

மத்தியானம், கை கழுவுகிற இடத்தில், நசீமா அவரிடம் சொன்னாள்: "அம்மா இங்கயே இருக்கட்டும் சாச்சா. நான் மாசா மாசம் வாரேன்." அவர் தலையாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை பார்த்தார். "ஷரீபா, நீ என்ன சொல்லுற?"

சரி என்றேன். முழு மனசோடா? முக்கால் மனசோடு. மீதிக் காலுக்குச் செவ்வாயும் வெள்ளியும் இருக்கின்றன.

அக்டோபர் 27, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. கடையில் சாக்கு நனைந்து அவருக்கு நஷ்டம். ஜமீலா பெருநாள் களைப்பில் இன்று வரவில்லை, போன் மட்டும். வெள்ளை மாத்திரை இன்னும் ஒரு அட்டை வாங்க.

நசீமாவுக்குச் சாயங்கால ரயில். காலையிலிருந்து அம்மாவை விட்டு நகரவில்லை. தலை வாரினாள், நகம் வெட்டினாள், மாத்திரை எது எப்போது என்று எனக்கே சொல்லிக் கொடுத்தாள். ஆட்டோ வந்தது. பையை அவர் ஏற்றினார். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள். நான் கிட்டே போவதற்குள் அக்கா அவளிடம் போய்விட்டாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அழுவாத புள்ள. ஒங்கம்மா வந்துருவாக. அதுவரைக்கும் இங்கன எங்கூட இரு."